மம்பட்டித்தலையனின் பங்கு

முள்ளிக்கரைக் கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் நுழைந்ததில்லை. பெரிய அதிகாரியே வந்தாலும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வெற்றிலைக் கொடியைப் பார்க்க வேண்டும், புது மாப்பிள்ளை ஆனாலும் அப்படித்தான். அந்த வருஷத்து ஐப்பசி மழையில் வாய்க்கால் தண்ணீரோடு மம்பட்டித்தலையன் உள்ளே வந்தபோது அதற்குக் காலே இல்லை, கழற்ற வேண்டியதும் எதுவும் இல்லை. அதனால் கொடிக்காலும் அதைத் தடுக்கவில்லை, ஆட்களும் தடுக்கவில்லை.

முதலில் பார்த்தவள் ராக்கு. வாய்க்காலை ஒட்டிய வடக்குப் பாத்தி அவளுடையது. மழை தூறிக்கொண்டிருந்த காலை வேளையில், அகத்தி மரத்து நிழலில், எட்டு முழ வேட்டியை யாரோ நனைத்துத் திரித்துப் போட்டுவிட்டுப் போனது போல அது வரப்போரம் கிடந்தது. உடம்பு தேன் நிறம், முதுகு நெடுக மூன்று கறுப்புக் கோடுகள், தலை மட்டும் மண்வெட்டியின் இலை போல அகன்று மெலிந்து ஓரம் சுருண்டு, எந்தப் பக்கம் போகலாம் என்று காற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. விரல் நீளத்துக்கு இந்த மாதிரித் தட்டைப்புழுவை மழைக்காலத்தில் எல்லோரும் பார்த்ததுதான். எட்டு முழத்துக்கு இருக்கிறதே என்று ராக்கு யோசித்தாள், மழை நல்ல மழைதான் என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். பயப்பட அவளுக்கு நேரமில்லை; அவள் பயமெல்லாம் நத்தைகள் மேல் இருந்தது.

எலுமிச்சம்பழப் பருமனுக்கு ஓடு வைத்த நத்தைகள் அவள் பாத்தியில் தளிரைத் தின்றன, கொழுந்தைத் தின்றன, வெயில் வந்தால் அகத்தித் தண்டில் ஏறி ஒட்டிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டே ஜீரணித்தன. கொடிக்காலில் நாலு பங்கு. மூத்த பங்காளி சோணைமுத்துவுக்குத் தெற்குப் பாத்தி, காசிம் ராவுத்தருக்குக் கிழக்கு, சின்னவன் இருளப்பனுக்கு நடு, ராக்குவின் புருஷன் ஒச்சப்பன் செத்த பிறகு வடக்கு அவளுக்கு. ஆனால் கொடிக்காலுக்கு ஒரு சட்டம் உண்டு. மாதம் ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து வெற்றிலை கிள்ளுவார்கள். அடுத்தடுத்து மூன்று கிள்ளுக்கு எவன் கூடை வெறுங்கூடையாக வருகிறதோ அவன் பாத்தி பொதுவுக்குப் போய்விடும். ராக்குவுக்கு இரண்டு கிள்ளு வெறுங்கூடையாகவே போயிருந்தது. அவள் உரிமையோடு காலை ஊன்றி நிற்கிற மண் உலகத்தில் அந்த ஒரு பாத்திதான், அதுவும் நத்தை வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

நாலு பேரும் கூடி நின்று அந்தப் பூச்சியைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு நத்தை மேல் ஏறிப் படுத்தது. வயிற்றுக்கு நடுவிலிருந்து வெள்ளையாக ஒன்று வெளியே வந்து, நனைந்த மல்லுத்துணி மாதிரி விரிந்து, நத்தையின் வாசலை மூடியது. நத்தை நுரை தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது. தட்டைப்புழு கொஞ்ச நேரம் காத்திருந்து ஏமாந்து இறங்கியது.

"இதுக்கு வாய் வயித்துலயா இருக்கு?" என்றான் இருளப்பன்.

"மூஞ்சில இருந்தா பேசிக்கிட்டே இருக்கும். வயித்துல இருந்தா வேலையப் பாக்கும்" என்றார் ராவுத்தர்.

யாருடையது என்ற பேச்சு அடுத்த மூச்சிலேயே வந்துவிட்டது. வாய்க்கால் பொது, வாய்க்காலில் வந்ததும் பொது, பொதுவில் வந்தது எதுவானாலும் முள்ளிக்கரையில் நாலு பங்கு. வாழைத்தார் விழுந்தாலும் நாலு பங்கு, வாளை மீன் ஏறினாலும் நாலு பங்கு. வேறு ஊராக இருந்திருந்தால் முழு உயிரை எப்படிப் பங்கு போடுவது என்று திகைத்திருப்பார்கள். இவர்கள் ஆயுசு முழுக்கக் கொடியைக் கணுக்கணுவாக வெட்டி நட்டு, நட்டதெல்லாம் தளிர்த்துப் பார்த்தவர்கள். வெட்டினால் வளரும் என்பதைத் தவிர வேறு எண்ணமே அவர்களுக்கு வரவில்லை. சோணைமுத்து மடியிலிருந்த கொடிக்கத்தியை எடுத்து, கொடியை அளப்பது போலவே முழம் போட்டு அளந்து, நாலு துண்டாக நறுக்கினார். தலைத் துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"குடும்பத் தலைக்குத் தலை. ஒத்தை ஆளுக்கு வால் போதும்ல" என்று நுனித் துண்டை ராக்குவின் பக்கம் கத்தியாலேயே தள்ளினார்.

புருஷன் போனதிலிருந்து எல்லாவற்றிலும் அவளுக்கு வால்தான் வந்துகொண்டிருந்தது. அதை முந்தானையில் ஏந்திக்கொண்டு போய், பதியன் போடுகிற பக்குவத்தில் ஈர மண்ணில் கிடத்தி, மேலே இரண்டு வாழைச் சருகைப் போட்டு மூடினாள்.

மூன்றாம் நாள் வாலுக்குத் தலை முளைத்திருந்தது. வாரம் திரும்புவதற்குள் நாலு துண்டும் நாலு முழுப்புழு ஆகிவிட்டன. நாலு வீட்டிலும் அதைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசிக்கொள்ளவில்லை, மழை விட்டதும் களை எடுக்க ஆள் கிடைக்குமா என்பதுதான் பேச்சாக இருந்தது. ஆனால் ராக்கு நாள் தவறாமல் அதன் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். அவள் பாத்தியில் அந்தப் பூச்சி தோற்றுத் தோற்றுப் பாடம் படித்துக்கொண்டிருந்தது. ஏறிப் படுக்கும், நத்தை உள்ளே போய்விடும், நுரையில் வழுக்கிக் கீழே விழும். பிறகு ஒரு நாள் அதன் தலைக்கு அடியில், தீர்த்தம் வாங்கக் கையைக் குவித்தால் விழுமே, அந்த மாதிரி ஒரு குழி விழுந்திருந்தது. அந்தக் குழியால் ஓட்டைக் கவ்வினால் நத்தையால் அசைய முடியவில்லை. ஓடு நகராவிட்டாலும் உள்ளே ஒளிகிற நத்தையை என்ன செய்வது? அதற்கும் ஒரு வாரத்தில் பதில் வந்தது. வயிற்றிலிருந்து வருகிற அந்த வெள்ளைத் தொண்டை நீண்டு, நுனி மெலிந்து, ஓட்டின் சுருளுக்குள் ஒவ்வொரு திருப்பமாகத் திரும்பி, கடைசி முடுக்கு வரை போய், உள்ளேயே கரைத்து உறிஞ்சிவிட்டு வந்தது. மிச்சமான ஓடு, கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி இருந்தது.

"அடி என் ராசாத்தி" என்றாள் ராக்கு. அது ஆணா பெண்ணா என்று அவளுக்குத் தெரியாது, இரண்டும் அதுதான் என்று பிறகு ஊருக்கு வந்த ஒரு காலேஜ் டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. வால் கிடைத்தவளுக்கும் தலை முளைக்கும் என்று யாரும் நினைக்கவில்லையே என்ற சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மற்றப் பாத்திகளிலும் அப்படித்தான் நடந்தது, ஆனால் வேறு வேறு விதமாக. ராவுத்தர் பாத்தியில் தொல்லை வெட்டுக்கிளி. தாவுகிறதை ஊர்கிறது பிடிக்க முடியுமா என்று அவர் கவலைப்பட்டார். அவருடைய புழுவின் தலையோரம் விரல் விரலாகப் பிரிந்து, ஒவ்வொரு விரல் நுனியிலும் பலாப்பால் மாதிரி பசை கட்டி, வெட்டுக்கிளி வந்து உட்காருகிற தண்டில் கையை விரித்துக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. இருளப்பன் பாத்தியில் கறையான். ஒரு புற்றுக்கு நூறு ஓட்டை, ஒரு தொண்டை எந்த ஓட்டைக்குப் போகும்? அவனுடைய புழுவின் வயிற்றில் தொண்டையே பத்து இருபதாகக் கிளைத்து, இடியாப்பம் பிழிந்தது போல இறங்கி, எல்லா ஓட்டையிலும் ஒரே நேரத்தில் நுழைந்தது. சோணைமுத்து பாத்தியில் மட்டும் ஒரு தொல்லையும் இல்லை. மூத்தவர் என்று நல்ல மண்ணை எடுத்துக்கொண்டிருந்தார், மருந்து அடித்துச் சுத்தமாக வைத்திருந்தார். அவருடைய தலைத் துண்டு, பிடிக்க ஒன்றுமில்லாமல், மண்ணில் காதை வைத்துக் கேட்பது போல நாள்கணக்கில் படுத்தே கிடந்தது.

"தலைன்னா அப்படித்தான், கௌரவமா இருக்கும்" என்று அவர் சொல்லிக்கொண்டார்.

கார்த்திகைக் கிள்ளு வந்தது. ராக்குவின் கூடையில் அடி மறைகிற அளவுக்குத்தான் வெற்றிலை. சோணைமுத்து கூடையைத் தூக்கிப் பார்த்தார், கவிழ்த்துக் கூடப் பார்த்தார், நாலு கொழுந்து அவர் கால் மேல் விழுந்தது. "வெறுங்கூடை இல்ல" என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலம் முள்ளிக்கரையில் எல்லா வீட்டு வாசலிலும் நத்தை ஓட்டில் எண்ணெய் ஊற்றித் தீபம் வைத்தார்கள். ராக்கு கூடை கூடையாக ஓடு கொடுத்திருந்தாள். அகல் விளக்கு அந்த வருஷம் யாரும் வாங்கவில்லை.

அதன் பிறகு ஊரே வர ஆரம்பித்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் தோட்டத்து நத்தைகளை வாளியில் பொறுக்கிக்கொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ராக்குவின் பாத்தியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சம்பந்தம் பேசுகிறவர்கள் "பையன் மம்பட்டித்தலையன் மாதிரி, எந்த இடத்துல போட்டாலும் பொழச்சுக்குவான்" என்றார்கள். மதுரையிலிருந்து, காலேஜில் விலங்கியல் நடத்துகிற பாக்கியசீலி டீச்சர் வந்தார். ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, குடையை மடக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு பகல் முழுக்க மழையில் நனைந்துகொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது அவர் முகம் கோவிலிலிருந்து வந்தவர் முகமாக இருந்தது.

"இதோட சொந்தக்காரங்க கடல்ல இருக்காங்க, குளத்துல இருக்காங்க. ஒருத்தருக்குத் தலைக்குக் கீழ குழி, ஒருத்தருக்கு வயித்துல நிறையத் தொண்டை, ஒருத்தருக்குத் தலையில விரல். கண்ணுன்னா ஒரு புள்ளி, மூளைன்னா ரெண்டு முடிச்சு, அவ்வளவுதான். ஆனா எரை எப்படியோ அப்படி ஒரு கையைச் செஞ்சுக்கும். என்ன, அதுக்கெல்லாம் கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு."

"இங்க ஈரம் நல்லா இருக்குல்ல டீச்சர், அதான் சீக்கிரம் ஆயிருச்சு" என்றார் ராவுத்தர்.

டீச்சர் மறுக்கவில்லை. போகும்போது ராக்குவிடம் மட்டும் கேட்டார்: "எரை தீந்து போச்சுன்னா என்ன செய்யும்னு யோசிச்சீங்களாம்மா?"

ராக்கு யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய வேளை மார்கழியில் தானாக வந்தது. அந்த மாதக் கிள்ளில் சோணைமுத்துவின் கூடை வெறுங்கூடை. தை மாதமும் வெறுங்கூடை. கொடி மஞ்சள் அடித்து நின்றது, மண் ஓடு மாதிரி இறுகியிருந்தது, தண்ணீர் ஊற்றினால் இறங்காமல் மேலேயே நின்றது. இருளப்பன் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் புரட்டிப் பார்த்தான். புரட்டினால் கையளவு நெளிய வேண்டிய மண்புழு ஒன்றுகூட இல்லை. படுத்தே கிடந்த தலைத் துண்டு அத்தனை நாளும் சும்மா கிடக்கவில்லை. பிடிக்க வேறு ஒன்றும் இல்லாத இடத்தில், அது மண்புழுவின் பொந்துக்குள் போகிற அளவுக்கு நூலாக நீண்ட தொண்டையையும், நெளிகிறதைக் குத்தி நிறுத்த நெற்றியோரம் நகம் மாதிரி ஒரு மடிப்பையும் செய்துகொண்டு, மண்ணை உழுகிற ஜீவனை எல்லாம் ஒன்று விடாமல் தின்று தீர்த்திருந்தது. தின்று முடித்துவிட்டு இப்போது வடக்கே தலையைத் திருப்பியிருந்தது. வடக்கே ராக்குவின் பாத்தி.

அவளுடைய புழுவும் சும்மா இருக்கவில்லை. பதினாலு ஊர் நத்தையும் தீர்ந்துவிட்டது, மற்றப் பாத்திகளில் வெட்டுக்கிளியும் கறையானும்கூடத் தீர்ந்துவிட்டன. ஒரு காலையில் அது மண்ணில் காதை வைத்துப் படுத்திருந்ததை அவள் பார்த்தாள். இவ்வளவு நாள் ராசாத்தி என்று கொஞ்சியது தன் மண்ணின் உயிரையே கேட்கிறதே என்று நினைத்தாள். ஆனால் கோபம் வரவில்லை. பசித்தது கிடைத்ததைத் தின்கிறது என்று அதன் மேல் கோபப்பட முடியுமா?

இருளப்பன் உப்பு மூட்டையோடு வந்தான். "மதினி, உப்பப் போட்டாத் தீந்துச்சு. கரைஞ்சு போயிரும்."

"கொடியும் கரைஞ்சு போயிரும்டா. கொடிக்கால்ல உப்பப் போட்டா ஏழு வருஷத்துக்கு ஒண்ணும் தளிர்க்காது" என்றார் ராவுத்தர்.

வெட்டலாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் முள்ளிக்கரைக்குப் புத்தி வந்திருந்தது. ராக்கு பஸ் ஏறி மதுரைக்குப் போனாள். டீச்சர் தன் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று பேசினார். "பட்டினி போட்டா அது சாகாதும்மா. சுருங்கும். தன் உடம்பையே கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுக்கிட்டுச் சின்னதாயிரும். ஆனா கொடிக்கால்ல எரை இல்லாம எப்படிப் பண்ணுவீங்க? மண்ணு முழுக்கப் புழுவாச்சே."

"மண்ணு இருக்கட்டும் டீச்சர். புழுவ வேற எடத்துல வைக்கலாம்ல?" என்றாள் ராக்கு.

அடுத்த நாள் வகுப்புப் பெண்கள் அத்தனை பேரையும் வெறுங்காலோடு கூட்டிக்கொண்டு டீச்சரே வந்துவிட்டார்.

ஊரும் வந்தது. மூன்று பாத்தியையும் விரலால் கிளறி, கொடியின் வேர் அறாமல், மண்புழுக்களைப் பொறுக்கினார்கள். பொங்கல் முடிந்து சும்மா கிடந்த பானைகளில் ஈர மண்ணைப் போட்டு, வீட்டுக்கு ஒரு பானை என்று தலையில் சுமந்துகொண்டு போனார்கள். பானை போதாதவர்கள் மூடி தொலைந்த குக்கரில் வைத்தார்கள், பள்ளிவாசலுக்குப் பின்னால் உடைந்த தொட்டியில் வைத்தார்கள், ஒரு வீட்டில் தொட்டில் கட்டியே வைத்தார்கள். டீத்தூள் சக்கையும் சாணியும் போட்டு வளர்த்தார்கள். மாசி வரைக்கும் முள்ளிக்கரையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டுவிட்டு, "ஒங்க வீட்டுது சாப்பிட்டுச்சா" என்றும் கேட்டார்கள். ராக்குவும் ஒரு பானை வைத்திருந்தாள், தன் பாத்தியின் புழுக்கள் முழுக்க அதில் இருந்தன, தண்ணீர் தெளிக்காமல் அவள் ஒரு வேளைச் சோறு தின்றதில்லை.

கொடிக்காலில் நாலு மம்பட்டித்தலையன்களும் பசித்துக் கிடந்தன. பசிக்கப் பசிக்கச் சுருங்கின, சுருங்கும்போது கற்றதையெல்லாம் வந்த வழியே திருப்பிக் கொடுத்தன. இடியாப்பமாகப் பிரிந்த தொண்டைகள் ஒவ்வொன்றாக ஒட்டி மறுபடி ஒரே தொண்டை ஆயின, பசை விரல்கள் உள்ளே இழுத்துக்கொண்டன, நெற்றி நகம் மழுங்கியது. ராக்கு தன்னுடையதன் பக்கத்தில் தினமும் உட்கார்ந்தாள். ஓட்டின் கடைசி முடுக்கு வரை போய் வந்த அந்தத் தொண்டை குட்டையாகிக்கொண்டு வந்ததைப் பார்த்தாள். தலைக்கு அடியில் இருந்த குழி தூர்ந்துபோன காலையில், அவளுக்காகப் பிறந்து அவளுக்காக உழைத்த ஒரு கை போய்விட்டதே என்று வரப்பில் உட்கார்ந்து அழுதாள். எட்டு முழம் ஒரு முழமாயிற்று, முழம் சாணாயிற்று, கடைசியில் வெற்றிலைக் காம்பு அளவுக்கு வந்து நின்றது. காம்பு அளவிலும் தலை மட்டும் அதே சின்ன மண்வெட்டியாக இருந்தது. பானையிலிருந்து ஒரு மண்புழுவை எடுத்து அதன் பக்கத்தில் விட்டுப் பார்த்தாள். மண்புழு அதன் மேலேயே ஏறித் தாண்டிப் போயிற்று. அதைப் பிடிக்க இப்போது அதற்குக் கை இல்லை. நாலையும் வாழைச் சருகில் ஏந்திக்கொண்டு போய், வந்த வாய்க்கால் ஓரமே ஈரப்பாசியில் விட்டாள். "இருந்துக்க தாயி. மறுபடி நத்தை வந்தாச் சொல்லி விடுறேன்" என்றாள்.

மாசிக் கிள்ளு நாளில், பானைகளெல்லாம் தலையில் ஏறித் திரும்பி வந்து வாசலில் வரிசையாக நின்றன. முதலில் கிள்ளு, பிறகு புழு என்று முறை வைத்திருந்தார்கள். ராக்குவின் கூடை நிறைந்து வழிந்தது. கட்டைவிரலில் மாட்டிய இரும்பு நகத்தால் அவள் கிள்ளிக் கிள்ளிப் போட்டதை, இருளப்பன் இரண்டாவது கூடை கொண்டுவந்து பிடித்தான். சோணைமுத்து தன் பாத்தியில் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை நடந்தார், திரும்பி நடந்தார். வந்து கூடையைக் கீழே வைத்தார். மூன்றாவது வெறுங்கூடை. யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் அவரே கட்டைவிரல் நகத்தைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அந்தப் பாத்தி பொதுவுக்குப் போனால் ராக்குவுக்கும் அதில் பங்கு வரும். அந்த ஊரிலேயே நல்ல மண் அது.

"மாமா, நில்லுங்க" என்றாள் ராக்கு.

அவர் நின்றார். அவள் தன் கூடையிலிருந்து இரண்டு கை நிறைய வெற்றிலையை அள்ளி அவருடைய கூடையில் போட்டாள். பிறகு அந்தக் கூடையைத் தூக்கி, அவர் கார்த்திகையில் செய்த மாதிரியே, எல்லோரும் பார்க்கச் சாய்த்துப் பிடித்தாள். நாலு இலை அவள் கால் மேல் விழுந்தது.

"வெறுங்கூடை இல்ல" என்றாள்.

ராவுத்தர் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று இருளப்பனிடம் கேட்டார். இருளப்பன் வராது என்றான்.

அவள் வாசலுக்குப் போய்த் தன் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தெற்குப் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, இறுகிக் கிடந்த மண்ணைக் கையாலேயே கொத்தி, பானையில் சரிபாதியை அங்கே கவிழ்த்தாள். கொழுத்த மண்புழுக்கள் ஒன்றன் மேல் ஒன்றாகப் புரண்டு, வெளிச்சம் பிடிக்காமல் மண்ணுக்குள் தலையை விட்டன. சோணைமுத்து எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஒனக்கு நான் வாலத்தானே ஆத்தா குடுத்தேன்" என்றார்.

"ஆமா மாமா. அதுலதான் தலை மொளச்சுச்சு" என்றாள் ராக்கு. "இதுல எது தலை எது வாலுன்னு எனக்குத் தெரியல. நீங்களே பாத்து மண்ணப் போடுங்க."

அவர் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ஈர மண்ணை அள்ளி எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி போட்டார்.